மாடி கட்டப்படாத பங்குக் கோயில்: கௌடி பத்து வருஷம் நூலில் தொங்கவிட்ட தேவாலயத்தின் கதை

பார்சிலோனா நகரத்திலிருந்து ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் கொலோனியா குவெல் ஸ்டேஷன் வந்துவிடும். அந்தச் சின்ன ஊருக்குள் நடந்தால், பைன் மரங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் செங்கல்லும் கருப்புக் கல்லும் கலந்து கட்டிய ஒரு கோயில் தெரியும். முதல் பார்வைக்குக் குகை மாதிரி இருக்கும். தூண்கள் எல்லாம் சாய்ந்து நிற்கும். பக்கத்தில் ஒரு படிக்கட்டு மேலே ஏறிப் போகும். ஏறிப் பார்த்தால் அங்கே வெட்டவெளிதான்.

அந்தப் படிக்கட்டு போய்ச் சேர வேண்டிய மாடிக் கோயிலும் அதற்கு மேலே எழ வேண்டிய 40 மீட்டர் கோபுரமும் கட்டப்படவே இல்லை. கீழ்த்தளம் மட்டும் 1915-லிருந்து வழிபாட்டில் இருக்கிறது. உலகம் முழுக்கப் பேசப்படும் சக்ரதா ஃபமீலியா தேவாலயம் எப்படி நிற்கிறது என்று புரிய வேண்டுமானால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இரண்டையும் வடிவமைத்தவர் ஒரே ஆள். அந்தோனி கௌடி.

பாத்திரக்காரர் வீட்டுப் பிள்ளை

கௌடி பிறந்தது 1852 ஜூன் 25. ஸ்பெயினின் கத்தலோனியா பகுதியில் உள்ள ரெயுஸ் ஊரிலா, பக்கத்து கிராமமான ரியுதோம்ஸிலா என்று இன்றைக்கும் இரண்டு ஊர்க்காரர்களும் சண்டை போடுகிறார்கள். அப்பா செம்புப் பாத்திரம் அடிப்பவர். தட்டையான ஒரு தகட்டை அடித்து அடித்து வயிறு பெருத்த கொப்பரையாக ஆக்குவதைப் பார்த்து வளர்ந்த பையன் அவர். வளைவுகளைக் காகிதத்தில் கோடாகப் பார்க்காமல் முழு உருவமாகப் பார்க்கக் கற்றது அந்தப் பட்டறையில்தான் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

சின்ன வயதிலேயே மூட்டுவலி. மற்ற பிள்ளைகளோடு ஓடியாட முடியாது. பல நாள் நடக்கவே முடியாமல் இருந்தார். செடி, நத்தை, மரக்கிளை எல்லாவற்றையும் உட்கார்ந்து கவனிக்கும் பழக்கம் அப்போது வந்தது என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கொஞ்சம் அழகுபடுத்திய கதையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் கட்டிய தூண்களைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

பார்சிலோனாவில் கட்டடக்கலை படித்து 1878-ல் பட்டம் வாங்கினார். படிக்கும்போதே வேறு கட்டடக்கலைஞர்களிடம் வரைபடம் போட்டுக் கொடுத்துச் செலவைச் சமாளித்தார். பட்டம் வாங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1876-ல், மருத்துவம் முடித்திருந்த அண்ணனும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்தார்கள். 1879-ல் அக்காவும் போய்விட்டார். அக்கா மகளையும் வயதான அப்பாவையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவர் தலையில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவருடைய வாழ்க்கையை மாற்றியது ஒரு கண்ணாடி அலமாரி. 1878-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக ஒரு கையுறைக் கடைக்கு கௌடி ஒரு ஷோகேஸ் செய்து கொடுத்தார். அதைப் பார்த்து அசந்துபோனவர் எவுசெபி குவெல் என்ற பார்சிலோனா தொழிலதிபர். செய்தவர் யார் என்று விசாரித்துக் கண்டுபிடித்தார். அதன்பின் மாளிகை, பூங்கா, ஒயின் கிடங்கு என்று எது வேண்டுமானாலும் குவெல் கேட்பார், கௌடி கட்டுவார். 40 வருஷ நட்பு அது. இன்றைய பாஷையில் சொன்னால், கேள்வி கேட்காத கிளையண்ட். எந்த ஃப்ரீலான்ஸருக்கும் பொறாமை வரும்.

ஆலைக்காக ஓர் ஊர்

குவெலுக்குத் துணி ஆலை இருந்தது. பார்சிலோனாவின் சான்ஸ் பகுதியில் ஓடிக்கொண்டிருந்த அதை, 1890-ல் சாந்தா கொலோமா தெ செர்வெல்லோ கிராமத்தில் தனக்கிருந்த பண்ணை நிலத்துக்கு மாற்றினார். அன்றைய பார்சிலோனாவில் வேலைநிறுத்தமும் தொழிலாளர் கலகமும் அடிக்கடி நடக்கும். நகரத்தை விட்டுத் தள்ளிப் போனால் அமைதியாக ஆலை நடத்தலாம் என்பது கணக்கு.

ஆலையோடு ஓர் ஊரையே கட்டினார். செங்கல் வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, நாடக அரங்கு, கூட்டுறவுக் கடை எல்லாம் உண்டு. அந்தக் காலத்து ஆலைத் தொழிலாளிகள் இருந்த நிலையை நினைத்தால் இது பெரிய வசதிதான். ஆனால் வீடும் முதலாளியுடையது, பள்ளிக்கூடமும் முதலாளியுடையது. வேலை போனால் கூரையும் போகும். அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1905-ல் நடந்த ஒரு விபத்தை அந்த ஊர் இன்னும் பேசுகிறது. ஒரு சிறுவன் கொதிக்கும் சாயத் தொட்டியில் விழுந்து கால்கள் வெந்துபோயின. காலை எடுக்காமல் காப்பாற்ற, மற்றவர்களின் தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. ஊர்க்காரர்கள் பலரும் தோல் கொடுக்க முன்வந்தார்கள். ஊர்ப் பாதிரியாரும் குவெலின் மகன்களும்கூடக் கொடுத்தார்கள். முதலாளி குடும்பத்தின் நல்ல மனசுக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். ஒரு சிறுவனுக்கு சாயத் தொட்டியருகே என்ன வேலை என்ற கேள்வி இன்று படிக்கும் நமக்கு உடனே வருகிறது.

இந்த ஊருக்கு ஒரு கோயில் வேண்டும் என்று 1898-ல் குவெல் கௌடியிடம் சொன்னார். பட்ஜெட் இவ்வளவு, இத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி எதுவும் இல்லை. கௌடி அப்போது 15 வருஷமாக சக்ரதா ஃபமீலியா வேலையில் இருந்தார். 1883-ல் வேறொருவர் விட்டுப்போன இடத்தில் அதை ஏற்றுக்கொண்டவர் அவர். அந்தப் பெரிய கோயிலில் தப்பு செய்து பார்க்க முடியாது. கிராமத்துக் கோயிலில் முடியும்.

தலைகீழாக ஒரு தேவாலயம்

இங்கேதான் கதையின் முக்கியமான கட்டம். பத்து வருஷம், 1898-லிருந்து 1908 வரை, கௌடி அந்த இடத்தில் ஒரு கல்கூட வைக்கவில்லை. பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு அதன் கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டார்.

ஏன்? வீட்டு வாசலில் இரண்டு ஆணிக்கு நடுவே ஒரு பூமாலையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அது தானாக ஒரு வளைவில் நிற்கும். அந்த வளைவை நீங்கள் தீர்மானிக்கவில்லை, மாலையின் எடை தீர்மானித்தது. அந்த மாலையில் எந்த இடத்தை எடுத்தாலும் அங்கே இழுவிசை மட்டும்தான் இருக்கும். இப்போது அதே வளைவை அப்படியே தலைகீழாகத் திருப்பி, கல்லால் கட்டினால்? இழுவிசை இருந்த இடமெல்லாம் அழுத்தமாக மாறிவிடும். கல்லும் செங்கல்லும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால்தான் பிய்ந்துபோகும். ஆக, தொங்கும் மாலையைக் கவிழ்த்த வடிவத்தில் ஒரு வளைவு கட்டினால், அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டியதே இல்லை.

இந்த யோசனை கௌடியுடையது கிடையாது. 17-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி சொன்னதுதான். தனித்தனி வளைவுகளுக்கு அதைப் பலரும் பயன்படுத்தியும் இருந்தார்கள். கௌடி செய்தது வேறு. ஒரு முழுக் கோயிலையும், அதன் தூண், சுவர், கூரை, கோபுரம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நூலில் தொங்கவிட்டார்.

மாதிரியின் அளவு பத்தில் ஒன்று. உயரம் சுமார் நான்கு மீட்டர். ஒவ்வொரு நூலிலும் சின்னச் சின்னத் துணிப்பைகளைக் கட்டி, அவற்றில் ஈயக் குண்டுகளைப் போட்டார்கள். அந்த இடத்தில் உண்மைக் கட்டடம் சுமக்க வேண்டிய எடையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பைக்குள் இருக்கும். பத்து டன் தாங்க வேண்டிய இடத்தில் ஒரு கிலோ பை. அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் ஒரு பையைக் கொஞ்சம் நகர்த்தினால், அதோடு இணைந்த நூல்கள் எல்லாம் அசைந்து புது வடிவத்துக்கு வரும். எக்செல் ஷீட்டில் ஒரு செல்லை மாற்றினால் கீழே எல்லா எண்ணும் மாறுமே, அதே மாதிரி. கட்டட வடிவமைப்பு மென்பொருட்கள் இன்று நொடியில் செய்வதை, கொட்டகையில் நூலும் ஈயமும் வைத்துச் செய்தார்கள். எட்வர்ட் கோட்ஸ் என்ற பொறியாளரும், பெரெங்கர், கனலேத்தா என்ற உதவிக் கட்டடக்கலைஞர்களும் இதில் கூட இருந்தார்கள். வடிவம் நிலைத்ததும் போட்டோ எடுப்பார்கள். கௌடி அந்த போட்டோவைத் தலைகீழாகத் திருப்பி, அதன்மேலேயே வண்ணம் தீட்டி, சுவரும் ஜன்னலும் வரைவார். கோயில் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கே தெரியும்.

இத்தனை வருஷம் பணம் கொடுத்துக் காத்திருந்த குவெலை நினைத்தால்தான் ஆச்சரியமாக இருக்கிறது. அதே சமயம், ஆலைக்குப் போய் வந்துகொண்டிருந்த குடும்பங்களும் கோயிலுக்காகப் பத்து வருஷம் காத்திருந்தன. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

சாயும் தூண்கள், தறி ஊசி ஜன்னல்

1908 அக்டோபர் 4 அன்று முதல் கல் வைத்தார்கள். அடுத்த ஆறு வருஷத்தில் எழுந்ததுதான் இன்று நாம் பார்க்கும் பகுதி.

உள்ளே நுழைந்தால் நடுவில் நான்கு தூண்கள், எரிமலைப் பாறையான பசால்ட்டில் செய்தவை. கத்தலோனியாவின் வடக்கில் காஸ்தெல்ஃபொயித் என்ற இடத்திலிருந்து கொண்டுவந்த பாறை. பாலிஷ் கிடையாது. பாறை எப்படி உடைந்ததோ அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். கற்கள் சேரும் இடத்தில் சிமெண்டுக்குப் பதிலாக ஈயம். நான்குமே சாய்ந்துதான் நிற்கும், ஏனென்றால் கொட்டகையில் தொங்கிய நூல்கள் அந்தக் கோணத்தில்தான் சாய்ந்திருந்தன. பாரம் எந்தத் திசையில் இறங்குகிறதோ அந்தத் திசையில் தூண். இப்படிப் பார்த்தால், நேராக நிற்கும் நம் ஊர்த் தூண்கள்தான் எடையைப் பற்றிக் கவலைப்படாமல் நிற்கின்றன!

கூரையில் செங்கல் விலா எலும்புகள் ஒரு மையத்திலிருந்து நாலாபக்கமும் பிரிந்து போகும். வெளியே முன்மண்டபத்தின் கூரை இன்னும் விசேஷம். ப்ரிங்கிள்ஸ் சிப்ஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மேலே வளையும், இன்னொரு பக்கம் கீழே வளையும். கணிதத்தில் அதற்கு ஹைப்பர்போலிக் பாரபலாய்டு என்று பெயர். பார்க்க வளைந்திருந்தாலும், முழுக்க முழுக்க நேர்கோடுகளால் அதை உருவாக்க முடியும். அதாவது கொத்தனார் இரண்டு குச்சிக்கு நடுவே நூல் பிடித்து, அந்த நூலை ஒட்டிச் செங்கல் வைத்துக்கொண்டே போனால் வளைந்த கூரை தானாக வந்துவிடும். கூரைக்கு இந்த வடிவத்தைப் பயன்படுத்திய முதல் கட்டடங்களில் ஒன்று என்று இதைக் கட்டடக்கலை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள்.

பொருட்களைப் பார்த்தால் கஞ்சத்தனமா, ரசனையா என்று சந்தேகம் வரும். சூளையில் அதிகம் வெந்து கருகிப்போன செங்கல், இரும்பு உருக்கியபின் மிஞ்சும் கசடு, உடைந்த ஓட்டுத் துண்டு எல்லாம் சுவரில் இருக்கின்றன. ஜன்னல்களுக்கு வெளியே கம்பி வலை போட்டிருக்கிறார்களே, அவை ஆலையில் தேய்ந்து கழித்த தறி ஊசிகள். வாரம் முழுக்க அந்த ஊசிகளோடு வேலை செய்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை அதே ஊசிகள் வழியாக வரும் வெளிச்சத்தில் முழங்கால் போட்டார்கள். கௌடி இதை யோசித்துத்தான் செய்தாரா, கையில் கிடைத்ததைப் போட்டாரா என்று தெரியாது. எனக்கு அந்தக் கட்டடத்தில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி திறக்கும். தீர்த்தத் தொட்டிகள் பெரிய கடல் சிப்பிகள். மரமும் இரும்பும் சேர்த்துச் செய்த பெஞ்சுகள்கூட கௌடியின் வடிவமைப்பு. வெளியே ஒரு பைன் மரம் குறுக்கே நின்றதால் மரத்தை வெட்டாமல் படிக்கட்டைத் திருப்பினார் என்றும் ஊரில் சொல்வார்கள்.

பணம் நின்றது

1914-ல் எல்லாம் நின்றுபோனது. எவுசெபி குவெலுக்கு உடல்நலம் சரியில்லை, வயதும் ஆகிவிட்டது. வியாபாரம் மகன்கள் கைக்குப் போனது. முடிவே தெரியாத ஒரு கோயிலுக்கு இனியும் பணம் கொட்ட அவர்கள் தயாராக இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 16 வருஷத்தில் கிடைத்தது ஒரு கீழ்த்தளம்.

கௌடி வேலையை விட்டு விலகினார். 1915 நவம்பர் 3 அன்று பார்சிலோனா ஆயர் வந்து கீழ்த்தளத்தை மட்டும் அர்ச்சித்தார். மாடிக்கு அடித்தளமாக இருக்க வேண்டிய பகுதியே ஊரின் கோயிலாகிவிட்டது. இன்றும் எல்லோரும் அதை கிரிப்ட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தேவாலயத்துக்கு அடியில் இருக்கும் நிலவறைக்கான சொல் அது. மேலே தேவாலயமே இல்லாத கிரிப்ட் அபூர்வம்தான்.

அந்த வருஷங்களில் கௌடியைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 1906-ல் அப்பா, 1912-ல் அக்கா மகள், 1914-ல் உதவியாளர் பெரெங்கர், 1918-ல் குவெல். பெரிய வீட்டு ஆர்டர்கள் எதையும் அவர் பிறகு எடுக்கவில்லை. சக்ரதா ஃபமீலியா மட்டும் போதும் என்று முடிவு செய்தார். கடைசி மாதங்களில் அங்கேயே பட்டறையில் தங்கிவிட்டார்.

கிராமத்தில் கற்றதெல்லாம் அங்கே வேலைக்கு வந்தது. மரம் மாதிரி கிளைவிட்டுச் சாயும் தூண்கள், முட்டுச்சுவர் இல்லாமல் நிற்கும் கூரை, நேர்கோட்டில் பிறக்கும் வளைவுகள். பழைய கோத்திக் தேவாலயங்களுக்கு வெளியே இருக்கும் முட்டுச்சுவர்களை அவர் ஊன்றுகோலாகத்தான் நினைத்தார். ஊன்றுகோல் இல்லாமலும் நிற்க முடியும் என்பதற்கு அவர் கையில் ஆதாரம் இருந்தது. அது கிராமத்துக் கோயில்.

1926 ஜூன் 7. மாலை ஜெபத்துக்காக நடந்து போய்க்கொண்டிருந்தவர்மேல் டிராம் மோதியது. பழைய உடை, பையில் அடையாளம் சொல்ல எதுவும் இல்லை. யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்தார்கள். சிகிச்சை தாமதமானது. ஏழைகளுக்கான மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். யார் என்று தெரியவந்தபோது நேரம் கடந்துவிட்டது. ஜூன் 10 அன்று இறந்தார். வயது 73. சக்ரதா ஃபமீலியாவில் அவர் உயிரோடு இருந்தபோது முடிந்த மணிக்கோபுரம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கோயிலின் நிலவறையில்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.

நூல்கள் என்ன ஆயின?

1936-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் வெடித்ததும் சக்ரதா ஃபமீலியா பட்டறைக்குத் தீ வைத்தார்கள். கௌடியின் வரைபடங்கள் எரிந்தன, சாந்து மாதிரிகள் உடைந்தன. கொலோனியா குவெலில் தொங்கிய நூல் மாதிரியும் இன்று இல்லை. மிஞ்சியது சில பழைய போட்டோக்கள். 1980-களில் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில், ஃபிரை ஓட்டோ தொடங்கிய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குழு அந்த போட்டோக்களை அளந்து அளந்து மாதிரியைத் திரும்பக் கட்டியது. கூடார வடிவக் கூரைகளுக்குப் பேர்போன கட்டடக்கலைஞர் அவர். மறுபடி கட்டிய மாதிரி இப்போது சக்ரதா ஃபமீலியா அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. கீழே கண்ணாடி வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கட்டப்படாத கோயில் நேராக நிற்பது தெரியும்.

துணி ஆலை 1973-ல் மூடப்பட்டது. 2005-ல் யுனெஸ்கோ இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே ஒரு தகராறு நடந்து முடிந்திருந்தது. புனரமைப்பின்போது மொட்டை மாடிக்குப் புதிய தளமும் படிகளும் போட்டார்கள். மழைநீர் ஒழுகாமல் இருக்கவும், மக்கள் ஏறிப் பார்க்கவும் வேண்டும் என்றது ஒரு தரப்பு. கௌடி பாதியில் விட்டதைப் பாதியிலேயே விட வேண்டும், அரைகுறையாக முடித்த மாதிரி காட்டக் கூடாது என்றது இன்னொரு தரப்பு. என்னைக் கேட்டால் ஒழுகாத கூரைக்குத்தான் ஓட்டு. அங்கே ஜெபிக்க வருகிறவர்கள் இருக்கிறார்களே.

2025 அக்டோபரில் சக்ரதா ஃபமீலியா 162.91 மீட்டரைத் தொட்டு, உலகிலேயே உயரமான தேவாலயம் ஆனது. அதே வருஷம் ஏப்ரலில் போப் பிரான்சிஸ் கௌடியை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் அது ஒரு படி.

கொலோனியா குவெலில் மாடி இன்னும் கட்டப்படவில்லை, கட்டும் திட்டமும் இல்லை. கீழே பங்கு மக்களுக்கு வழக்கம்போலத் திருப்பலி நடக்கிறது. அந்த நேரத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள், பூசை முடியும்வரை வெளியே காத்திருக்க வேண்டும்.